கர்னல் மேம்படுத்தல் பாதியில் நின்றபின் எந்தப் பொதியை நிறுவினாலும் பிழை: காரணத்தைக் கண்டறிவது எப்படி?

புதியமுனையம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். உபுண்டு 24.04 இயங்கும் கணினி ஒன்றில் வழக்கமான மேம்படுத்தல் நடந்துகொண்டிருந்தபோது கர்னல் பொதியின் அமைவாக்கம் பிழையுடன் நின்றுவிட்டது. அதுமுதல், கர்னலோடு எந்தத் தொடர்பும் இல்லாத சிறிய உரைதிருத்தி ஒன்றை நிறுவச் சொன்னாலும், பொதிகளை நிறுவும் கருவியான ஆப்ட் அதைப் பதிவிறக்குகிறது, விரிக்கிறது, பிறகு டிபிகேஜி என்னும் துணைச் செயல்முறை பிழைக் குறியீடு 1 தந்தது என்ற வரியைக் காட்டி நின்றுவிடுகிறது. தேடிப் பார்த்தால் பக்கத்துக்கு ஒரு கட்டளை கிடைக்கிறது. எதை எதற்காக இயக்குகிறோம் என்று யாரும் சொல்வதில்லை.

கணினி சரியாக வேண்டும் என்பதோடு, அடுத்த முறை நானே காரணத்தைக் கண்டறியும் அளவுக்காவது பொதி மேலாண்மைக் கருவிகளைக் கற்றுக்கொள்ளவும் விரும்புகிறேன். வழிகாட்டுங்கள்.

கருந்திரை

இது பலருக்கும் வருவதுதான். ஆப்ட், டிபிகேஜி இரண்டின் பூட்டுக் கோப்புகளையும் (ஒரே நேரத்தில் இரண்டு நிறுவல்கள் ஓடாமல் தடுப்பவை) அழித்துவிட்டு, "சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ" என்று கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் முகப்பு அடைவை நகலெடுத்துக்கொண்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிவிடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

பதிவேட்டாளர்

இரண்டாம் பாதியைப் பிறகு பேசலாம். முதல் பாதியை யாரும் அப்படியே பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் காட்டிய பிழையில் பூட்டு என்ற சொல்லே இல்லை. இருந்திருந்தாலும் கோப்பை அழிப்பது தீர்வாகாது.

/வார்/லிப்/டிபிகேஜி அடைவில் உள்ள பூட்டுக் கோப்பு எப்போதும் அங்கேயே இருக்கும் வெற்றுக் கோப்பு. அது இருக்கிறது என்பதாலேயே பூட்டு விழுந்திருக்கிறது என்று பொருளாகாது. உண்மையான பூட்டு, அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் செயல்முறையின் பெயரில் கர்னலிடம் பதிவாகியிருக்கிறது. அச்செயல்முறை முடிந்தாலோ செத்தாலோ கர்னலே அதை விடுவித்துவிடும். கோப்பை அழித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பின்னணியில் ஓடும் தானியங்கி மேம்படுத்தல் பழைய கோப்பின் மீதான பூட்டைத் தொடர்ந்து வைத்திருக்கும். நீங்கள் தொடங்கும் ஆப்ட் அதே பெயரில் ஒரு புதிய கோப்பை உருவாக்கி அதன்மீது தன் பூட்டைப் போடும். இரண்டும் தமக்கு மட்டுமே உரிமை இருப்பதாக நம்பிக்கொண்டு ஒரே நிலைப் பதிவேட்டில் எழுதத் தொடங்கும். அந்தப் பதிவேடு சிதைந்தால், எந்தெந்தப் பொதிகள் கணினியில் இருக்கின்றன என்ற விவரமே போய்விடும். முந்தைய நகல் "ஸ்டேட்டஸ்-ஓல்ட்" என்ற பெயரில் அதே அடைவிலும், இன்னும் பழைய நகல்கள் /வார்/பேக்கப்ஸ் அடைவிலும் இருக்கும் என்பது ஆறுதல்தான். ஆனால் அந்த நிலைக்குப் போகவே தேவையில்லை.

பூட்டுதான் தடை என்றால், அதை வைத்திருக்கும் செயல்முறையின் எண்ணை இன்றைய ஆப்ட் பிழைச் செய்தியிலேயே காட்டிவிடுகிறது. கணினியைத் தொடங்கியவுடன் வரும் பூட்டுச் சிக்கல் பெரும்பாலும் தானியங்கிப் பாதுகாப்பு மேம்படுத்தலால் வருவது. அதை முடிக்க விட்டாலே போதும்.

மூலநிரலர்

பதிவேட்டாளர் சொன்னதை வழிமொழிகிறேன். புதியமுனையம், நீங்கள் மேற்கோள் காட்டிய வரி பிழையே அல்ல. வேறெங்கோ ஒரு பிழை நடந்தது என்ற அறிவிப்பு மட்டுமே. டிபிகேஜி எந்தக் காரணத்தால் தோற்றாலும் ஆப்ட் கடைசியில் அந்த ஒரே வரியைத்தான் அச்சிடும். ஆகவே அதை வைத்துத் தேடினால், ஆயிரம் வெவ்வேறு நோய்களுக்கான மருந்துகள் ஒரே பக்கத்தில் வந்து குவிகின்றன. திரையில் மேலே போய், முதன்முதலில் எது தோற்றது என்று பாருங்கள். திரை அழிந்துவிட்டிருந்தால் /வார்/லாக்/ஆப்ட் அடைவில் உள்ள "டெர்ம்" பதிவுக் கோப்பில் முழு வெளியீடும் இருக்கும். அதன் அருகில் உள்ள "ஹிஸ்டரி" கோப்பில் எந்தக் கட்டளை எந்தெந்தப் பொதிகளைத் தொட்டது என்ற விவரம் இருக்கும்.

இங்கே இரண்டு கருவிகள் வேலை செய்கின்றன என்பதையும் மனத்தில் வையுங்கள். டிபிகேஜி 1994-இல் பிறந்தது. கையில் கொடுத்த பொதியை விரித்து, அமைத்து, பதிவேட்டில் எழுதுவது அதன் வேலை. பொதிகள் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் களஞ்சியம், பதிவிறக்கம் எதுவும் அதற்குத் தெரியாது. சார்புகளை (ஒரு பொதி இயங்கத் தேவையான பிற பொதிகளை) கணக்கிட்டு, தேவையானவற்றைக் களஞ்சியத்திலிருந்து கொண்டுவந்து, சரியான வரிசையில் டிபிகேஜியிடம் ஒப்படைக்கும் ஆப்ட் அதற்குச் சில ஆண்டுகள் பின்னால் வந்தது. எந்தப் பிழையைக் கண்டாலும், இது ஆப்ட் தன் கணக்கில் தோற்றதா, டிபிகேஜி தன் வேலையில் தோற்றதா, அல்லது பொதிக்குள் இருக்கும் நிறுவல் நிரல்துண்டு தோற்றதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுடையது மூன்றாம் வகை என்று நினைக்கிறேன்.

மூன்றைச் சொல்லுங்கள்: முதல் பிழை வரி, "டிபிகேஜி --ஆடிட்" தரும் வெளியீடு, "டிஎஃப் -ஹெச்" காட்டும் வட்டு நிலவரம். இன்னொன்று, உங்கள் உரைதிருத்தி ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும். திறந்து பாருங்கள்.

புதியமுனையம்

உரைதிருத்தி உண்மையிலேயே திறக்கிறது! பிழை காட்டிய பிறகும் அது நிறுவப்பட்டது எப்படி என்று புரியவில்லை.

முதல் பிழை, கர்னல் பொதியின் நிறுவல் நிரல்துண்டு தொடக்க நினைவக வட்டுப் படிமத்தை (கணினி தொடங்கும்போது கர்னல் முதலில் பயன்படுத்தும் கோப்பு) உருவாக்கும்போது, சாதனத்தில் இடமில்லை என்று கூறி நின்றதுதான். கர்னல் கோப்புகள் இருக்கும் /பூட் பகிர்வு நூறு விழுக்காடு நிரம்பியிருக்கிறது. மூல அடைவில் தாராளமாக இடம் இருக்கிறது. ஆடிட் கட்டளை, புதிய கர்னல் பொதி பாதி அமைக்கப்பட்ட நிலையில் இருப்பதாகவும், அதைச் சார்ந்த பொதுக் கர்னல் பொதி விரிக்கப்பட்டும் அமைக்கப்படாமல் இருப்பதாகவும் சொல்கிறது.

மூலநிரலர்

அப்படியென்றால் பொதி மேலாளரில் கோளாறு எதுவும் இல்லை. அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒரு பொதி நிறுவப்படுவது ஒரே அடியில் நடப்பதன்று. முதலில் கோப்புகள் விரிக்கப்படுகின்றன; பிறகு பொதியின் நிறுவலுக்குப் பிந்தைய நிரல்துண்டு இயக்கப்படுகிறது; அது வெற்றியுடன் திரும்பினால்தான் நிலை "நிறுவப்பட்டது" என்று மாறும். கர்னல் பொதி அந்த இரண்டாம் படியில் மாட்டிக்கொண்டது. ஆப்ட் ஒவ்வொரு முறை ஓடும்போதும், முடிக்கப்படாமல் கிடக்கும் பொதிகளையும் சேர்த்து அமைக்க முயலும். உங்கள் உரைதிருத்தி தன் பங்கை ஒழுங்காக முடித்தது. கர்னல் மறுபடியும் தோற்றது. மொத்த ஓட்டமும் தோல்வி என்று கணக்கிடப்பட்டது.

"டிபிகேஜி -எல்" (சிறிய எழுத்து எல்) பட்டியலில் ஒவ்வொரு பொதிக்கும் முன்னால் இரண்டு எழுத்துகள் இருக்கும். முதலாவது நீங்கள் விரும்பிய நிலை. இரண்டாவது உண்மையில் உள்ள நிலை. இரண்டும் பொருந்தாத வரிகளை மட்டும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், பாதிச் சிக்கல்களுக்கு இணையத்தை நாடவே தேவையிருக்காது.

இப்போது செய்ய வேண்டியது /பூட் பகிர்வில் இடம் உண்டாக்குவது. "யூநேம் -ஆர்" கட்டளையால் இப்போது ஓடும் கர்னல் எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அதைத் தொடக் கூடாது. பின்னர் "ஆப்ட் -எஸ் ஆட்டோரிமூவ்" என்று கொடுத்துப் பாவனையாக ஓடவிட்டு, பழைய கர்னல்கள் நீக்கற்பட்டியலில் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் "-எஸ்" இல்லாமல் இயக்குங்கள். வராவிட்டால் அவை கையால் நிறுவப்பட்டவை என்று குறிக்கப்பட்டிருக்கலாம். அப்போது டிபிகேஜியின் "--பர்ஜ்" தேர்வைக் கொண்டு பழைய கர்னல் படிமப் பொதியை நேரடியாக நீக்குங்கள். கூடுதல் கர்னல் தொகுதிகளைத் தாங்கிய பொதி ஒன்று அதைச் சார்ந்திருக்கும். இரண்டு பெயர்களையும் ஒரே கட்டளையில் கொடுக்காவிட்டால் டிபிகேஜி மறுத்துவிடும். இடம் கிடைத்தபின் "டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ" கொடுத்தால் நின்ற வேலை தொடரும். கருந்திரை சொன்ன கட்டளை சரியானதே. ஆனால் இடம் இல்லாதவரை அதை எத்தனை முறை இயக்கினாலும் அதே சுவரில்தான் முட்டும்.

கருந்திரை

இவ்வளவு சுற்று எதற்கு? /பூட் அடைவுக்குள் போய்ப் பழைய கோப்புகளை நேரடியாக அழித்தால் ஒரே நொடியில் இடம் கிடைக்குமே.

பதிவேட்டாளர்

எந்தக் கோப்பு என்பதைப் பொறுத்தது. கர்னல் படிமம் பொதிக்குச் சொந்தமான கோப்பு. "டிபிகேஜி -எஸ்" (பெரிய எழுத்து எஸ்) என்று கேட்டால், எந்தப் பொதி அதற்கு உரிமையாளர் என்று பதில் வரும். அதை அழித்தால் பதிவேடு ஒன்று சொல்லும், வட்டு வேறொன்று சொல்லும். தொடக்க நினைவக வட்டுப் படிமம் அப்படியன்று. அது எந்தப் பொதிக்குள்ளும் வருவதில்லை. நிறுவலின்போது உங்கள் கணினியிலேயே உருவாக்கப்படுவது. ஆகவே, வேறு வழியே இல்லாத நெருக்கடியில், இனிப் பயன்படுத்தப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த பழைய கர்னலின் அந்தப் படிமத்தை மட்டும் அழிப்பது பதிவேட்டைக் குலைக்காது. /பூட் பகிர்வில் அதிக இடத்தைப் பிடிப்பதும் பெரும்பாலும் அதுவே. அதன் பிறகும் அந்தப் பழைய கர்னல் பொதியை முறைப்படி நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தொடக்கப் பட்டியலில் இயங்காத கர்னல் ஒன்று நின்றுகொண்டிருக்கும்.

இன்னொரு நுணுக்கம்: படிமத்தைப் புதுப்பிக்கும் கருவி, புதியதைத் தற்காலிகப் பெயரில் முழுமையாக எழுதி முடித்த பிறகே பழையதன் இடத்தில் வைக்கிறது. எனவே அந்த ஒரு கணத்துக்கு இரண்டுக்கும் இடம் தேவைப்படும். பகிர்வு சற்றே காலியாக இருக்கும்போதும் இந்தப் பிழை வருவதற்கு அதுவே காரணம்.

ஆர்ச்பயணி

பூட்டுக் கோப்பை அழிக்கும் ஆலோசனைக்கு ஒரு மூலம் இருக்கிறது என்பதால் இடையில் வருகிறேன். ஆர்ச் லினக்ஸின் பொதி மேலாளரான பேக்மேனில் பூட்டு என்பது அந்தக் கோப்பு இருப்பதேதான். மின்சாரம் போய்ப் பேக்மேன் பாதியில் செத்தால் கோப்பு அப்படியே தங்கிவிடும். வேறு பேக்மேன் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அதைக் கையால் அழிப்பதே முறை. ஓரிடத்தில் சரியான மருந்து, இன்னோரிடத்தில் நஞ்சாகிவிடுகிறது.

புதியமுனையம்

பழைய கர்னல்கள் இரண்டை நீக்கியதும் எல்லாம் சீராக அமைந்துவிட்டன. ஆடிட் கட்டளை இப்போது எதையும் அச்சிடவில்லை. மிக்க நன்றி.

ஆனால் நிலுவையில் இருந்த மேம்படுத்தலைத் தொடர்ந்தபோது வேறு ஒன்று வந்துவிட்டது. ஒலி நூலகம் ஒன்றின் துணைப் பொதி அந்த நூலகத்தின் குறிப்பிட்ட பதிப்பைக் கேட்கிறது, ஆனால் வேறு பதிப்புதான் நிறுவப்பட இருக்கிறது என்றும், நான் உடைந்த பொதிகளைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்றும் செய்தி வருகிறது. நான் எதையும் பிடித்து வைக்கவில்லை.

மூலநிரலர்

அந்தச் செய்தியின் சொல்லாட்சி பல ஆண்டுகளாகப் பயனர்களைக் குழப்பி வருகிறது. நீங்கள் ஏதோ செய்துவிட்டீர்கள் என்று குற்றம் சாட்டுவது போல அது ஒலித்தாலும், கொடுக்கப்பட்ட நிபந்தனைகளுக்குள் ஒரு தீர்வைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதே அதன் பொருள். உண்மையிலேயே பிடித்து வைக்கப்பட்டவை உண்டா என்பதை "ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்" கட்டளை சொல்லும். அது வெறுமையாக இருந்தால், அந்த நூலகத்தின் பெயரைக் கொடுத்து "ஆப்ட் பாலிசி" என்று கேளுங்கள். பொதி மேலாண்மையில் ஒரே ஒரு கட்டளையைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால், நான் இதையே பரிந்துரைப்பேன்.

அதன் வெளியீட்டில் இப்போது நிறுவப்பட்டுள்ள பதிப்பு, நிறுவப்படக்கூடிய பதிப்பு, கிடைக்கும் எல்லாப் பதிப்புகளும் அவை வரும் களஞ்சியங்களும், ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண்ணும் இருக்கும். வழக்கமான களஞ்சியத்துக்கு 500. எந்தக் களஞ்சியத்திலும் இல்லாமல் கணினியில் மட்டும் இருக்கும் பதிப்புக்கு 100. முன்னுரிமை சமமாக இருந்தால் உயர்ந்த பதிப்பெண் வெல்லும். மூன்றாம் தரப்புக் களஞ்சியம் ஒன்றைச் சேர்த்திருந்தால் அதுவும் 500 என்ற அதே தகுதியோடு வந்து நிற்கும். அங்கே ஒரு நூலகம் சற்றே உயர்ந்த எண்ணோடு இருந்தால், நீங்கள் கேட்காமலேயே அது உங்கள் வழங்கலின் (உபுண்டுவின்) நூலகத்தை இடம்பெயர்த்துவிடும். பிறகு, வழங்கலிலிருந்து வரும் துணைப் பொதி, தன்னோடு சரிசமமான பதிப்பைத் தேடிக் காணாமல் நிற்கும். உங்களுக்கு நடந்திருப்பது இதுவாகவே இருக்கும்.

பதிப்பெண்களைக் கண்ணால் ஒப்பிட்டு முடிவுக்கு வராதீர்கள். முக்காற்புள்ளிக்கு முன்னால் வரும் எண் மற்ற எல்லாவற்றையும் விஞ்சும்; அலைக்குறிக்குப் பின்னால் வருவது, அது இல்லாத பதிப்பைவிடத் தாழ்ந்ததாகக் கருதப்படும். ஆகவே 1:1.0 என்பது 9.5-ஐவிடப் புதியது, 2.0~1 என்பது 2.0-ஐவிடப் பழையது. ஐயம் இருந்தால் டிபிகேஜியிடமே ஒப்பிடச் சொல்லலாம்.

புதியமுனையம்

அப்படியேதான். ஒலித்தொகுப்பு மென்பொருள் ஒன்றுக்காகச் சேர்த்த களஞ்சியம், முந்தைய உபுண்டு பதிப்புக்கானது. பாலிசி வெளியீட்டில் உயர்ந்த எண் அங்கிருந்துதான் வருகிறது. களஞ்சியத்தை முடக்கினால் போதுமா?

மூலநிரலர்

போதாது. முடக்கிவிட்டுப் பட்டியல்களைப் புதுப்பித்தால் புதிதாக எதுவும் வராது; ஆனால் ஏற்கெனவே நிறுவப்பட்ட உயர்ந்த பதிப்பு அங்கேயே இருக்கும். ஆப்ட் தானாகப் பதிப்பைக் கீழிறக்காது. முடக்கிய பிறகு, பாதிக்கப்பட்ட பொதிகளின் பெயரோடு சமக்குறியிட்டு வழங்கலின் பதிப்பெண்ணையும் கொடுத்து நிறுவச் சொல்லுங்கள். ஒன்றையொன்று சார்ந்தவற்றை ஒரே கட்டளையில் கொடுங்கள். பொதிகள் நிறைய இருந்தால், விருப்பக் கோப்பு ஒன்றை எழுதி வழங்கலின் களஞ்சியத்துக்கு 1001 என்ற முன்னுரிமையைக் கொடுக்கலாம். முன்னுரிமை ஆயிரமோ அதற்கு மேலோ இருந்தால்தான் ஆப்ட் தானாகக் கீழிறக்கும். வேலை முடிந்தவுடன் அந்தக் கோப்பை நீக்கிவிடுங்கள்.

ஃபெடோராநிழல்

ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன். 2015-இல் வெளிவந்த ஃபெடோரா 22 முதல் எங்களுக்கு டிஎன்எஃப் இயல்பான பொதி மேலாளர். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஓர் எண் இருக்கும். "டிஎன்எஃப் ஹிஸ்டரி அண்டூ" என்று எண்ணைக் கொடுத்தால் அந்த நடவடிக்கையைத் திருப்ப முயலும். பழைய பதிப்புகள் களஞ்சியத்திலிருந்து போய்விட்டால் திருப்ப இயலாது என்பதால் அதை முழுப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். கோப்பின் உரிமையாளரைக் கேட்கும் "டிபிகேஜி -எஸ்" இங்கே "ஆர்பிஎம் -கியூஎஃப்" ஆகிறது, கருத்து ஒன்றே.

ஆர்ச்பயணி

எங்களிடம் ஒரே விதி: பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு ஒரு பொதியை மட்டும் நிறுவக் கூடாது. புதிய நூலகத்தோடு கட்டப்பட்ட நிரல், பழைய நூலகங்கள் உள்ள கணினியில் வந்து விழும். புதுப்பித்தால் முழுமையாக மேம்படுத்த வேண்டும்.

புதியமுனையம்

கீழிறக்கியதும் மேம்படுத்தல் ஓடிவிட்டது. இனி கற்றலுக்கு வருகிறேன். கைப்பக்கங்களை (கட்டளைகளின் விளக்கப் பக்கங்களை) முதலிலிருந்து படிப்பதா, அல்லது வேறு முறை உண்டா?

பதிவேட்டாளர்

கைப்பக்கங்களை நாவல் போல வாசித்தால் எதுவும் தங்காது. என் பரிந்துரை, ஒரு பொதியைக் கையால் பிரித்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குவது. டெப் கோப்பு ஒன்றைப் பதிவிறக்கி "ஏஆர்" கருவியால் விரியுங்கள். உள்ளே வடிவப் பதிப்பைச் சொல்லும் சிறு கோப்பும், இரண்டு காப்பகங்களும் இருக்கும். ஒரு காப்பகத்தில் வட்டுக்குப் போகும் கோப்புகள். மற்றதில் சார்புகளை அறிவிக்கும் கட்டுப்பாட்டுக் கோப்பும் நிறுவல் நிரல்துண்டுகளும். அந்த நிரல்துண்டுகள் பெரும்பாலும் எளிய ஷெல் நிரல்களே. உங்களுடைய கர்னல் பொதி எந்த வரியில் தோற்றது என்பதை /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ அடைவில் நீங்களே திறந்து படிக்கலாம்.

அடுத்ததாக, கொள்கலன் அல்லது மெய்நிகர் கணினி ஒன்றில் வேண்டுமென்றே உடையுங்கள். நிறுவலின் நடுவே செயல்முறையைக் கொல்லுங்கள், வேறு வெளியீட்டின் களஞ்சியத்தைச் சேருங்கள், பிறகு மீட்டெடுங்கள். முதன்மைக் கணினியில் எதையும் செய்வதற்கு முன் "-எஸ்" தேர்வோடு பாவனை ஓட்டம் பாருங்கள். நீக்கப்படும் பொதிகள் என்ற தலைப்பின் கீழ் வருவதை முழுமையாகப் படிக்காமல் ஆம் என்று சொல்லாதீர்கள். பைதான் நூலகங்களைப் பிப் கருவியால் கணினி முழுவதற்குமாக நிறுவ முயன்றால், வெளியிலிருந்து மேலாளப்படும் சூழல் என்று மறுப்பு வரும்; 2023-இல் வந்த டெபியன் 12 முதல் இது நடைமுறையில் உள்ளது. அந்த மறுப்பைத் தாண்டும் தேர்வைப் பயன்படுத்தாமல் தனி மெய்நிகர் சூழலை உருவாக்கிக்கொள்ளுங்கள். ஒரே அடைவை இரண்டு மேலாளர்கள் ஆளும்போது யார் எதை மாற்றினார்கள் என்பது இருவருக்குமே தெரியாது.

கருந்திரை

பூட்டு விளக்கத்தை ஏற்கிறேன். ஆனாலும் ஒரு மறுப்பு. கணினியைக் கருவியாக மட்டும் பயன்படுத்துபவர் நிரல்துண்டுகளைப் படித்துக்கொண்டிருக்க வேண்டுமா? மேம்படுத்தலுக்கு முன் கோப்பு முறைமையின் நிழற்படி (ஸ்னாப்ஷாட்) ஒன்றை எடுத்துவைத்துவிட்டு, உடைந்தால் திரும்பிப் போவது எல்லோருக்கும் எளிது.

மூலநிரலர்

எளிதுதான், நானும் எடுக்கிறேன். ஆனால் இந்த இழையின் முதல் சிக்கலில் அது உதவியிருக்காது. நிழற்படிக்குத் திரும்பிய பிறகும் /பூட் பகிர்வு நிரம்பியே இருந்திருக்கும். மறுநாள் மேம்படுத்தல் அதே இடத்தில் நின்றிருக்கும். மேலும் /பூட் தனிப் பகிர்வாக இருந்தால் பல நிழற்படி அமைப்புகள் அதைச் சேர்ப்பதே இல்லை; மூல அடைவு மட்டும் பின்னுக்குப் போனால், தொடக்கக் கர்னலுக்கு உரிய தொகுதிகள் மூல அடைவில் இல்லாமல் போகலாம்.

புதியமுனையம்

கடைசியாக ஒன்று. எல்லாம் சரியான பிறகும், சில பொதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன என்று ஒவ்வொரு மேம்படுத்தலிலும் காட்டுகிறது. ஹோல்ட் பட்டியல் வெறுமையாக இருக்கிறது. முழு மேம்படுத்தலைக் கட்டாயப்படுத்தலாமா?

மூலநிரலர்

அந்தப் பெயர்களுக்குப் பாலிசி கட்டளையை இயக்குங்கள். பதிப்பெண்ணின் அருகில் விழுக்காட்டோடு "ஃபேஸ்ட்" (கட்டம்) என்ற குறிப்பு இருந்தால், அது படிப்படியான வெளியீடு. உபுண்டு 21.04 முதல் ஆப்ட் இதைப் பின்பற்றுகிறது: புதிய பதிப்பு முதலில் ஒரு பகுதிக் கணினிகளுக்குப் போகும், பிழை அறிக்கைகள் பெருகாவிட்டால் விகிதம் கூட்டப்படும். உங்கள் முறை வந்ததும் தானாக நிறுவப்படும், கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. அந்தக் குறிப்பு இல்லையென்றால், புதிய பதிப்பு வேறொரு பொதியை நீக்கச் சொல்கிறது என்று பொருளாகலாம். ஆப்ட் வழக்கமான மேம்படுத்தலில் எதையும் நீக்காது. அப்போது முழு மேம்படுத்தலைப் பாவனையாக ஓட்டி, நீக்கப்படுவதன் பெயரை இங்கே எழுதுங்கள்.